அஞ்சடியில் அறிமுகமான பெரியவர் டயாலிசிஸை நிறுத்த நினைக்கிறார்: நான் என்ன செய்வது?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன், வயது 33. சென்ற ஆண்டு ஒரு மாலை, மழைக்காக மோட்டாரை நிறுத்திவிட்டுக் கடைவரிசையின் முன்னுள்ள நடைபாதையான அஞ்சடியில் ஒதுங்கினேன். அங்கிருக்கும் ரத்தச் சுத்திகரிப்பு மையத்திலிருந்து வெளியே வந்த பெரியவர் ஒருவர், வர வேண்டிய வேன் வராமல் நின்றுகொண்டிருந்தார். மழை விட்டதும் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அன்று தொடங்கிய பழக்கம், இப்போது வாரத்தில் இரண்டு நாளாவது பார்க்காமல் இருக்க முடிவதில்லை. தாத்தா என்றுதான் கூப்பிடுகிறேன். கையில் ஊசி போடும் இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே வண்டு பறப்பதுபோல் இருந்தது. போகும்போதெல்லாம் இளநீர் வாங்கிக்கொண்டு போகிறேன். அவருக்கு வயது 74. தோட்டத்தில் நாற்பது ஆண்டு பால்மரம் (ரப்பர்) சீவியவர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் ஜொகூரில் இருக்கிறார். போன மாதம், “டயாலிசிஸ் போதும் தம்பி. வெட்டிச் சாய்க்கப்போற மரத்துலதான் கடைசிச் சொட்டு வரைக்கும் எடுப்பாங்க. என்னை அப்படிச் சீவ வேணாம்” என்றார். மகளிடம் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். இது தற்கொலை இல்லையா? உறவுக்காரனும் இல்லாத நான் இதில் என்ன செய்ய முடியும்? அவரோடு பேசிவிட்டு வரும் இரவுகளில் என் சாவைப் பற்றிய நினைப்பு வந்து தூக்கம் கெடுகிறது. அங்கே போவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் மனைவி. தான் வேலை செய்த தோட்டத்தை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று தாத்தா ஆசைப்படுகிறார். கூட்டிப் போகலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்களை அதிகம் உறுத்துகிற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸை நிறுத்துவது தற்கொலை ஆகாது. சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்த ஒருவரின் உயிரை எடுப்பது அந்த நோய். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் அந்த முடிவைத் தள்ளிப்போடுகிறது. அப்படிக் கிடைக்கும் நாள்கள் வேண்டுமா, அவற்றுக்காக உடம்பு படும் பாடு தகுமா என்பதைத் தெளிந்த புத்தியோடு இருக்கும் நோயாளி தாமே முடிவு செய்யலாம். அந்த முடிவை மதிக்க மருத்துவர்கள் கடமைப்பட்டவர்கள். மருத்துவமனைகளில் ‘பேலியேட்டிவ்’ என்று சொல்லப்படும் நோய்தணிப்புப் பிரிவில் 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவள் என்ற முறையில், இந்த முடிவை எடுத்து அமைதியாகப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். எடுக்கத் தேவையே இல்லாத நிலையில் எடுக்கவிருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் தாத்தா இவர்களில் யார் என்பது இன்னும் ஒருவருக்கும் தெரியாது. ‘போதும்’ என்று அவர் சொன்னதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எது போதும் என்று இதுவரை யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

என் தந்தை தோட்டத்து மருத்துவமனையில் மருத்துவ உதவியாளரான டிரஸராக இருந்தவர். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி கேட்டு விழித்தெழும் வீட்டில் வளர்ந்தவள் நான். அதனால்தானோ என்னவோ, அவர் சொன்ன அந்த மரத்தைப் பற்றிப் படித்த பிறகு உங்கள் கடிதத்தைச் சற்று நேரம் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. பால்மரத்தை 25, 30 ஆண்டுகள் வைத்திருப்பார்கள். அவ்வளவு காலமும் பட்டையை மெல்லியதாகச் சீவுவதும், உளி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்தாமல் பார்த்துக்கொள்வதும், ஒரு நாள் சீவினால் மறுநாள் ஓய்வு கொடுப்பதும், சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரக் காத்திருப்பதும் அந்த மரம் நாளைக்கும் பால் தர வேண்டும் என்ற அக்கறையால்தான். மறுநடவுக்காகச் சாய்க்கப்போகிறோம் என்று முடிவான மரத்துக்கு அந்த அக்கறை கிடைப்பதில்லை. ஏணி வைத்து மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு என்று வெட்டி, பால் பெருகுவதற்கான மருந்தையும் தடவி, பால் வடியும் மங்கு நிறைய நிறைய எடுத்துக்கொள்வார்கள். பட்டை பாழானாலும் கேட்பாரில்லை. நாற்பது ஆண்டு உளி பிடித்த ஒருவர் இந்த உவமையைப் பேச்சுக்கு அழகாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்க மாட்டார். எனக்கு அதில் சாவின் மீதான ஆசை கேட்கவில்லை. தம்மை நாளைக்கும் வேண்டிய மனிதராக நினைத்து யாரும் நடத்தவில்லை என்ற வருத்தம்தான் கேட்கிறது. நான் கேட்டது பிழையாகவும் இருக்கலாம். ஆனால் வாழ்ந்தது போதும் என்ற நிறைவு வேறு, இந்த வருத்தம் வேறு. வருத்தத்துக்கு நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது என்பதால், எது என்று தெரிந்துகொள்ளாமல் அவரைத் தடுக்கவும் கூடாது, ஆமோதிக்கவும் கூடாது.

இதை நான் ஒரு தவற்றிலிருந்து கற்றுக்கொண்டேன். பணியின் தொடக்க ஆண்டுகளில், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா டயாலிசிஸ் வேண்டாம் என்றபோது, அவர் படுக்கையருகே உட்கார்ந்து, இயந்திரம் எப்படி உயிரைக் காக்கிறது என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். டாக்டர் சொல்கிறாரே என்ற மரியாதைக்காக அவர் தலையாட்டினார். பிறகு மூன்று வாரம் அழுதுகொண்டே வந்துபோனார். அனுபவமுள்ள தாதி ஒருவர்தான் ஒரு நாள், “இதுல எதும்மா உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்?” என்று கேட்டார். கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உயிரே போவதாக அந்த அம்மா சொன்னார். உடம்பிலிருந்து நீரை வேகமாக எடுத்ததே காரணம். எடுக்க வேண்டிய நீரின் அளவைத் திருத்தி, நேரத்தையும் சிறிது கூட்டியதும் கால் இழுப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் அவர் வந்தார். நிறுத்துவதைப் பற்றி ஒரு முறைகூடப் பேசவில்லை. நான் பேசிய அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எனவே அந்தத் தாதியின் கேள்வியைத்தான் நீங்களும் கேட்க வேண்டும். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, அவசரமில்லாத ஒரு நேரத்தில் கேளுங்கள்; கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள். நடுவே ‘அப்படியெல்லாம் பேசாதீங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; நம் வீடுகளில் அன்பினால் சொல்லப்படும் அந்த வாக்கியம் எத்தனையோ நோயாளிகளின் வாயை மூடியிருக்கிறது. கால் இழுப்பாக இருக்கலாம், இரவெல்லாம் தூங்கவிடாத உடம்பரிப்பாக இருக்கலாம், ஊசியாக இருக்கலாம், உங்களைச் சந்தித்த அன்று நடந்ததுபோல் வராத வேனுக்காக அஞ்சடியில் நிற்பதாகக்கூட இருக்கலாம். பணம் என்றால், மையத்துப் பொறுப்பாளரிடமும் அரசு மருத்துவமனையின் சமூகநலப் பிரிவிலும் உதவி கேட்க வழி உண்டு. எதிலும் நாட்டமில்லாமல், சாப்பாடு பிடிக்காமல், தாம் எல்லோருக்கும் பாரம் என்றே அவர் திரும்பத் திரும்பச் சொன்னால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். டயாலிசிஸ் செய்கிறவர்களிடம் அது அரிதன்று, குணப்படுத்தவும் முடியும். தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்படுவது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. ஆனாலும் மனச்சோர்வு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டியவர் அவருடைய சிறுநீரக மருத்துவர். மையத்துத் தாதியிடம் சொன்னால் அடுத்த சந்திப்புக்கு ஏற்பாடு செய்வார், நீங்களும் உடன் போங்கள்.

எல்லாம் கேட்டு, சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்த பிறகும் அவர் போதும் என்றே சொன்னால், அது அவருடைய முடிவு. அப்போது என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் பக்கத்தில் இருப்பது மிகவும் கடினம். சிறுநீர் அறவே வராதவர்கள், நிறுத்திய பிறகு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் இருப்பார்கள். ஓரளவு வருகிறவர்கள் சில வாரங்களோ அதற்கு மேலோ இருப்பதுண்டு. கழிவுகள் ரத்தத்தில் சேரச் சேரத் தூக்கம் மிகுந்து, பேச்சு குறைந்து, இறுதி நாள்களில் விழிப்பே அரிதாகிவிடும். பலர் அஞ்சுவதுபோல் அது வலியால் துடிக்கும் முடிவாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நீர் தேங்கி மூச்சு வாங்கலாம், குமட்டலும் அரிப்பும் தசைத் துடிப்பும் வரலாம். இவற்றைத் தணிக்க மருந்துகள் உண்டு. அவற்றைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்கள் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மோர்பினின் கழிவுகள் சிறுநீரகம் செயலிழந்தவர் உடம்பில் தேங்கித் தொல்லை தருவதால், அதற்குப் பதிலாக ஃபென்டனில் போன்ற வேறு மருந்தைக் குறைந்த அளவில் பயன்படுத்துவோம். இதனால்தான், யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் வேனில் ஏற மறுத்து வீட்டிலேயே படுத்துவிடும் வழியில் மட்டும் அவர் போகக் கூடாது என்கிறேன். முன்கூட்டியே சொன்னால் நோய்தணிப்புக் குழுவினர் தயாராக இருப்பார்கள். ஈப்போவில் பேராக் நோய்தணிப்புப் பராமரிப்புச் சங்கம் இருக்கிறது; அவர்களுடைய தாதியர் சுங்கை சிப்புட்வரை வீட்டுக்கு வருவார்களா என்று இப்போதே தொலைபேசியில் கேட்டு வையுங்கள். உங்கள் ஊர் அரசுச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானிலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவையைப் பற்றி விசாரியுங்கள். நிறுத்திய பிறகு மனம் மாறினால், முதல் சில நாள்களுக்குள் மீண்டும் தொடங்கலாம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தாலே சிலருக்கு அவசரம் குறைந்துவிடும்.

இளநீரை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதில் பொட்டாசியம் மிகுதி. டயாலிசிஸ் செய்கிறவரின் ரத்தத்தில் அது கூடினால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். பெலிம்பிங் என்கிற நட்சத்திரப் பழமும் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு நஞ்சு போன்றது. நீங்கள் அன்போடு கொண்டுபோனதை நான் குறையாகச் சொல்லவில்லை, யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். தாத்தாவின் நம்பிக்கையை மீறி நீங்களாக ஜொகூருக்குத் தொலைபேசி செய்ய வேண்டாம். ஆனால் இந்த ரகசியத்தை நீங்கள் தனியாகச் சுமக்கவும் வேண்டாம். “தாத்தா, நான் அக்காகிட்ட சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லணும். சொல்றப்ப நான் பக்கத்துல இருக்கேன்” என்று அவரிடமே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மகள் அழுவார், உடனே வண்டி ஏறி வந்து சண்டை போடுவார் என்று அவர் பயப்படுகிறார் போலும். அப்படியே நடக்கவும் கூடும். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நண்பர் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஐந்தாறு ஆண்டு கழித்தும் ‘எனக்கு ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்வியோடு என்னிடம் வந்து உட்காருகிறார்கள். அந்த நிலை அந்தப் பெண்ணுக்கு வர வேண்டாம்.

உறவுக்காரனும் இல்லாத நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒருவர் படுத்துவிட்டால் அடுத்த வீட்டிலிருந்து கஞ்சி வரும். சாவு விழுந்தால் பாடை கட்டுகிறவரையும் தப்பு அடிக்கிறவரையும் குழி வெட்டுகிறவரையும் பார்த்து, இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று எவரும் கேட்டதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்ட பிறகு, பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒன்றாக மூப்படைந்திருக்க வேண்டியவர்கள் மலிவு வீடுகளிலும் பிள்ளைகளின் வீடுகளிலும் ஆளுக்கொரு ஊராகச் சிதறிப்போனார்கள். என்னிடம் வந்த முதியவர்களில் பலருக்கு நோயைவிடப் பெரிய துன்பம், தம் பழைய கதையில் வரும் ஆள்களின் பெயர் தெரிந்தவர் ஒருவரும் பக்கத்தில் இல்லாததுதான். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் நீங்கள் அந்த அடுத்த வீட்டுக்காரராக ஆகியிருக்கிறீர்கள்.

நான் செய்துவரும் மருத்துவமே இப்படிப்பட்ட ஒரு சந்திப்பிலிருந்து தொடங்கியது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1947-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில், நோயாளிகளின் வீட்டு நிலையையும் பணத் தேவையையும் கவனிக்கும் சமூகப் பணியாளராக இருந்தார் சிசிலி சாண்டர்ஸ் என்ற 29 வயதுப் பெண். அங்கே அவர் சந்தித்த டேவிட் டாஸ்மா, வார்சாவிலிருந்து வந்திருந்த 40 வயது யூதர், உணவகத்தில் பரிமாறுகிறவராக வேலை பார்த்தவர், தீராத புற்றுநோய், அந்த ஊரில் தமக்கென்று எவருமில்லை. எதையும் விட்டுச்செல்லாமல் போகிறோமே என்பது உடல் வலிக்கு மேல் அவரை வாட்டியது. சாண்டர்ஸ் திரும்பத் திரும்பப் போய் அவரைப் பார்த்தார்; இறக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு எப்படிப்பட்ட ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அந்த இல்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருப்பதாகச் சொல்லி 500 பவுண்டை அவருக்கு எழுதிவைத்துவிட்டு, 1948 பிப்ரவரியில் டாஸ்மா இறந்தார். சாண்டர்ஸ் அதன் பிறகு மருத்துவம் படித்து, 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தார். 1991-இல் கோலாலம்பூரில் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா உட்பட, இன்று உலகெங்கும் நடக்கும் நோய்தணிப்புப் பணி அந்த வழியில் வந்தது. சாண்டர்ஸ் அப்போது மருத்துவரும் அல்லர், டாஸ்மாவுக்கு உறவும் அல்லர். அவர் கொடுக்க முடிந்தது, கேட்பதற்குக் காதும் திரும்ப வருவதற்கு மனமும்தான். மகளிடம் பேசும்போது தாத்தா மகளின் கண்ணீரையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. உங்களிடம் பேசும்போது அந்தப் பாரம் இல்லை. மரத்தைப் பற்றி அவர் உங்களிடம் சொன்னதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் தூக்கம். மனைவி சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். இரவில் பக்கத்தில் நீங்கள் விழித்துக் கிடப்பதை அவர் பார்க்கிறார். சாவை நினைப்பது நோயன்று. இந்தப் பணிக்கு வந்த முதல் ஆண்டில், தூங்கும் என் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் படுப்பேன். 33 வயதில், தன் விரலடியில் ஒருவரின் ரத்தம் ஓடுவதைத் தொட்டுப் பார்த்தவருக்குத் தன் ரத்தமும் ஒரு நாள் ஓடாமல் நிற்கும் என்ற நினைப்பு வராமல் இருந்தால்தான் வியப்பு. அந்த நினைப்பை மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்; தாத்தாவிடமும் சொல்லலாம், அவர் உங்களைவிடத் தெளிவாகப் பேசக்கூடும். போவதைக் குறைப்பதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு போய்வாருங்கள். முகம் தெரியாத நோயாளியைப் பற்றி உங்கள் மனைவிக்கு இருக்கும் கலக்கம், பெரியவரை நேரில் பார்த்தால் பாதியாகிவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், நெஞ்சு படபடத்து, வேலையிலும் வீட்டிலும் மனம் ஒட்டாமல் போனால், தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். அப்படிப் போகும்போது சர்க்கரை அளவையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியரில் வயது வந்தவர்கள் பத்துப் பேரில் மூவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது. இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை அந்த நாற்காலிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது இனிப்புநீர்தான். உங்கள் பயம் உங்களை ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்துமானால் நான் மிகவும் மகிழ்வேன்.

தோட்டத்துக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள். டயாலிசிஸ் முடிந்த அன்று உடம்பு களைத்திருக்கும், அடுத்த டயாலிசிஸுக்கு முந்திய நேரத்தில் நீர் சேர்ந்து மூச்சு வாங்கும். எனவே டயாலிசிஸுக்கு மறுநாள் காலையில், வெயில் ஏறுவதற்குள் போய்த் திரும்புங்கள். மோட்டார் வேண்டாம், யாரிடமாவது காரை இரவல் வாங்குங்கள். அன்று எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று தாதியிடம் கேட்டு, அந்த அளவை ஒரு போத்தலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போடும் கையில் அவர் எதையும் தூக்கக் கூடாது, இறங்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது. அவர் சீவிய நிரை இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கலாம். லயம் இருந்த இடம் புல்லாகக் கிடக்கலாம். மாரியம்மன் கோயில் மட்டும் இருந்தாலும் இருக்கும். இதை முன்பே விசாரித்து அவரிடம் சொல்லிவிட்டுக் கூட்டிப்போவது நல்லது. அவருடைய மனைவியை எங்கே அடக்கம் செய்தார்கள், தமக்கும் அங்கேயே இடம் வேண்டும் என்று நினைக்கிறாரா, மின்சுடலை போதும் என்று நினைக்கிறாரா என்பதையெல்லாம் அவர் அந்த மண்ணில் நின்று தாமாகச் சொல்லக்கூடும், சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால், அந்த நாளுக்கு ஜொகூரிலிருந்து மகளை வரச்சொல்லும்படி அவரிடமே கேட்டுப் பாருங்கள்; அப்பாவின் பழைய தோட்டத்தைப் பார்க்க வா என்ற அழைப்புக்கு அந்தப் பெண் மறுப்புச் சொல்ல மாட்டார், அவர் சொல்லத் தயங்குவதைச் சொல்லவும் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. காரில் ஒரு குடையும், நடக்க முடியாத இடத்தில் அவர் உட்கார மடக்கு நாற்காலி ஒன்றும் இருக்கட்டும்.